அலக்நந்தா சுருள் கேலக்ஸி: குப்பம், வாணியம்பாடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 கடைசியில் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. பிரபஞ்சம் குழந்தையாக இருந்த காலத்துச் சுருள் கேலக்ஸி ஒன்றைப் புனேயில் இரண்டு பேர் கண்டுபிடித்து, அதற்கு அலக்நந்தா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று. குப்பம், வி.கோட்டா, வாணியம்பாடி, நாட்றம்பள்ளி என்று ஆந்திர எல்லைக்கு இரு பக்கமும் உள்ள பள்ளி மைதானங்களில் நானும் நண்பர்களும் சின்னத் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுவது வழக்கம். அந்தச் செய்திக்குப் பிறகு நிலாவைக் காட்டினாலும் சனியைக் காட்டினாலும் பேச்சு இந்தக் கேலக்ஸியில்தான் வந்து நிற்கிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டுப் பதிலை மட்டும் எழுதியிருக்கிறேன்.

"சுருக்கமா சொல்லுங்க சார், என்னதான் கண்டுபிடிச்சாங்க?"

பெருவெடிப்புக்குப் பின் சுமார் 150 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், தெளிவான இரண்டு சுருள் கரங்களோடு நன்றாக வளர்ந்து நின்ற ஒரு கேலக்ஸியை. பிரபஞ்சத்தின் இன்றைய வயது சுமார் 1380 கோடி ஆண்டு. அதில் முதல் ஒன்பதில் ஒரு பங்கு முடிவதற்குள் இது உருவாகிவிட்டது.

விட்டம் சுமார் 30,000 ஒளியாண்டு. ஒளி ஓராண்டில் போகும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு. நம் பால்வெளியின் விட்டம் ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு என்பதால் அதைவிடச் சிறியதுதான். ஆனால் அந்தக் காலத்துக்கு இது பெரிய உருப்படி. அதிலுள்ள விண்மீன்களின் மொத்த நிறை ஆயிரம் கோடி சூரியன்களுக்கு மேல். ஆண்டுக்குச் சுமார் 60 சூரியன்களின் நிறை அளவுக்குப் புது விண்மீன்கள் அங்கே பிறந்துகொண்டிருந்தன. பால்வெளி இன்று செய்வதைப் போல இருபது முப்பது மடங்கு வேகம்.

தூரத்துக்காக இது செய்தியாகவில்லை. இதைவிடத் தொலைவில் உள்ள கேலக்ஸிகள் எத்தனையோ தெரியும். செய்தி அதன் வடிவத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட வடிவம் வரக் காலம் பிடிக்கும். அந்தக் காலம் இதற்குக் கிடைத்திருக்க வாய்ப்பில்லை என்று நினைத்திருந்தார்கள். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு முடிச்சைச் சுற்றித்தான் போகும்.

"யார் பார்த்தது? எந்த ஊர்ல இருந்து பார்த்தாங்க?"

பார்த்தவர்கள் ராஷி ஜெயின் என்ற முனைவர் பட்ட மாணவியும் அவருடைய ஆய்வு வழிகாட்டி யோகேஷ் வாடதேகரும். இருவரும் புனேயில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சேர்ந்தவர்கள். ஆய்வுக் கட்டுரை ஐரோப்பாவின் 'அஸ்ட்ரானமி அண்டு அஸ்ட்ரோபிசிக்ஸ்' இதழில் 2025-இல் வெளிவந்தது.

'பார்த்தாங்க' என்றதும் குளிரில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொலைநோக்கியில் உற்றுப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். இங்கே நடந்தது அப்படியல்ல. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 'அன்கவர்' என்ற ஆய்வுத் திட்டத்துக்காக வானத்தின் ஒரு சிறு துண்டை மிக ஆழமாகப் படமெடுத்திருந்தது. அந்தத் திட்டத்தை நடத்தியது வேறொரு பன்னாட்டுக் குழு. படங்கள் பொதுவில் இருந்தன. பல்லாயிரம் கேலக்ஸிகள் பதிவான அந்தப் படங்களில் இவர்கள் ஒழுங்கான வடிவம் கொண்டவற்றைத் தேடினார்கள்.

தேடிய விதத்தில் ஒரு நல்ல உத்தி இருக்கிறது. கேலக்ஸிக்கு எந்தச் சுருளும் இல்லை, வழவழப்பான ஒளித்தட்டு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு கணினியில் ஒரு மாதிரி செய்வார்கள். நிஜப் படத்திலிருந்து அந்த மாதிரியைக் கழிப்பார்கள். நிஜமாகவே வெறும் தட்டு என்றால் மிச்சம் எதுவும் இருக்காது. அலக்நந்தாவின் படத்தில் கழித்த பிறகு மிஞ்சியது எதிரெதிராக வளைந்த இரண்டு கரங்கள். கண்ணுக்குச் சுருள் மாதிரி தெரிகிறது என்பதோடு நின்றிருந்தால் யாரும் எளிதில் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

புனே மையம் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு பகுதி. அந்த நிறுவனத்தின் பெயர் நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். குப்பத்துக்கு அடுத்த கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குள் வெகு ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை 1965-இல் பதிவு செய்த குழுவில் அவர்கள் இருந்தார்கள். உலகில் முதல்முறையாகப் பதிவானவற்றில் அது ஒன்று. தங்கம் எடுக்கப் போன நம் ஊர்க்காரர்கள் வேலை செய்த அதே சுரங்கங்கள்தான்.

"வெப் தொலைநோக்கியை ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து விட்டாங்களா?"

இல்லை. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து, 2021 டிசம்பர் 25 அன்று, ஏரியன் 5 ராக்கெட்டில் போனது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன வானியல் ஆய்வகம் ஆஸ்ட்ரோசாட். 2015 செப்டம்பர் 28. அதுவும் கேலக்ஸி வேட்டையில் சளைத்ததில்லை. சுமார் 930 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கேலக்ஸியிலிருந்து புறப்பட்ட மிகத் தீவிரமான புறஊதா ஒளியை அது பதிவு செய்தது. 2020-இல் அதை அறிவித்ததும் புனேயில் உள்ள இன்னொரு வானியல் மையத்தின் தலைமையிலான குழுதான்.

"நம்ம காவலூர்ல இவ்ளோ பெரிய தொலைநோக்கி இருக்கே, அதுல தெரியாதா?"

வாணியம்பாடிக்காரர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம் கொண்டது. 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. வெப்பின் ஆடி, 18 அறுகோணத் துண்டுகள் சேர்ந்து, 6.5 மீட்டர். ஆனால் ஆடியின் அளவைவிட வேறு இரண்டு காரணங்கள் பெரியவை.

முதலாவது காற்று. அலக்நந்தா வானத்தில் அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்றிரண்டு ஆர்க்செகண்டுக்குள் அடங்கிவிடும். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட். தரையிலிருந்து பார்க்கும்போது காற்றின் அலைச்சலே ஒரு புள்ளியை அந்த அளவுக்குப் பரப்பிவிடும். ஆக, ஒளி கிடைத்தாலும் கரம் எது, தட்டு எது என்று பிரிக்க முடியாது. இரண்டாவது, அந்த ஒளி இங்கே வரும்போது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகிவிட்டது. நம் காற்றும், நம் தொலைநோக்கியும், ஏன், நாமே வெப்பத்தால் அகச்சிவப்பை உமிழ்கிறோம். அந்த இரைச்சலுக்கு நடுவே இவ்வளவு மங்கலான ஒன்றைப் பிடிப்பது நடக்காத காரியம்.

இதைச் சொன்னதும் சிலர் முகம் சுண்டிப்போகிறது. தேவையே இல்லை. காவலூரில் 1972-இல், வியாழனின் நிலவான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தபோது அங்கே மெல்லிய காற்று இருப்பதற்கான அறிகுறியைப் பதிவு செய்தார்கள். 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த இரவிலும் கவனித்தார்கள். யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வு அது. 1988-இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு கருவிக்கும் அதற்கென்று ஒரு வேலை உண்டு. பொதுமக்களையும் உள்ளே விடுகிறார்கள். போவதற்கு முன் நாளையும் நேரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"1200 கோடி ஒளியாண்டு தூரம்னு போட்டிருக்கு. சரியா?"

பாதி சரி. ஒளி 1200 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்திருக்கிறது என்பது சரி. அதனால் தூரமும் அத்தனை ஒளியாண்டு என்று எழுதுவதில்தான் சிக்கல். ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுவதும் பிரபஞ்சமும் விரிந்துகொண்டே இருந்தது. அந்த ஒளியை அனுப்பிய கேலக்ஸி இப்போது இருக்கும் இடத்துக்கு ஒரு நொடியில் நூல் பிடித்து அளக்க முடியுமானால், தூரம் சுமார் 2400 கோடி ஒளியாண்டு வரும். செய்தித்தாள்கள் முதல் எண்ணையே தூரமாகப் போடுகின்றன. பெரிய குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கில் புலியான ஒரு பிளஸ் டூ பையன் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, 'பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி என்றால் 2400 கோடி எப்படி?' என்று கேட்பான். விரிவைக் கணக்கில் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்பதே அவனுக்குப் பதில்.

காலத்தை மட்டும் பேசினால் குழப்பம் குறையும். அந்த ஒளி புறப்பட்டபோது சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. பயணத்தில் பாதிக்கு மேல் முடிந்த பிறகு, சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் சூரியன் பிறந்தது. தங்கவயலின் பாறைகள் நம் பக்கத்தில் பழமைக்குப் பேர்போனவை. அவற்றின் வயது சுமார் 270 கோடி ஆண்டு. அந்தப் பாறை உருவானபோது ஒளி கடைசிக் கால் பங்குப் பயணத்தில் இருந்தது.

"அத்தனை தூரம்னு எப்படி அளந்தாங்க? டேப்பா வச்சாங்க?"

கேலி நியாயமானது. அளந்தது நிறத்தை வைத்து. விரியும் பிரபஞ்சத்தில் வரும் ஒளியும் சேர்ந்து நீள்கிறது. நீண்டால் நிறம் சிவப்பை நோக்கி நகரும். இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். அலக்நந்தாவின் செம்பெயர்ச்சி சுமார் 4. அப்படியென்றால் அங்கிருந்து புறப்பட்ட ஒவ்வொரு அலையும் இங்கே வரும்போது ஐந்து மடங்கு நீண்டிருக்கிறது. அங்கே ஊதாவாகக் கிளம்பிய ஒளி இங்கே அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. வெப்புக்கு முந்தைய ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியால் இந்தக் கேலக்ஸியின் புறஊதாப் பகுதியை மட்டும்தான் பார்க்க முடியும். புறஊதாவில் புதிதாகப் பிறந்த விண்மீன்கள் மட்டும் திட்டுத்திட்டாகத் தெரியுமே தவிர, அடியிலுள்ள தட்டு தெரியாது. வெப் வந்த பிறகே முழு உருவம் கிடைத்தது.

செம்பெயர்ச்சியை அளக்க இரண்டு வழி உண்டு. ஒளியை நிறமாலையாகப் பிரித்து, கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்ப்பது துல்லியமான வழி. வெவ்வேறு ஃபில்டர்கள் வழியாகப் படமெடுத்து, எதில் எவ்வளவு வெளிச்சம் என்று ஒப்பிட்டு மதிப்பிடுவது இரண்டாவது வழி. அலக்நந்தாவுக்கு இரண்டாவது வழியில்தான் செய்திருக்கிறார்கள். இருபதுக்கு மேற்பட்ட ஃபில்டர்களில் படம் இருந்ததால் மதிப்பீடு வலுவானது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உமிழும் ஒளிக்கோடுகள் எந்த ஃபில்டருக்குள் விழ வேண்டுமோ அந்த ஃபில்டரில் வெளிச்சம் தூக்கலாக இருக்கிறது என்பதும் அதற்குத் துணை. இருந்தாலும் இதை 'ஏறக்குறைய 4' என்று சொல்வதுதான் முறை.

"பூதக்கண்ணாடி மாதிரி ஏதோ நடுவுல இருந்துச்சாமே?"

ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கூட்டம். பண்டோராவின் கூட்டம் என்றும் சொல்வார்கள். சுமார் 400 கோடி ஒளியாண்டு தூரத்தில், நமக்கும் அலக்நந்தாவுக்கும் நடுவே இருக்கிறது. அதன் நிறை பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துக் குவிக்கிறது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சொல்லும் ஈர்ப்பு வில்லை இதுதான். அலக்நந்தாவின் வெளிச்சம் இதனால் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இதே கூட்டத்துக்குப் பின்னால் உள்ள சில கேலக்ஸிகளின் உருவம் கோணல்மாணலாகிவிடும். அலக்நந்தா அந்த வில்லையின் கடுமையான பகுதியில் சிக்கவில்லை. வெளிச்சம் கூடியது, உருவம் கெடவில்லை. அந்த அதிர்ஷ்டம் இல்லையென்றால் கரங்களைப் பற்றி உறுதியாகப் பேசியிருக்க முடியாது.

"சுருளா இருந்தா என்ன? அதுல என்ன பெரிய அதிசயம்?"

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. வி.கோட்டாவில் ஒரு அம்மா கேட்டார். மற்றவர்கள் தூரத்திலேயே நின்றுவிட, அவர்தான் நேராக விஷயத்துக்கு வந்தார்.

சுருள் கேலக்ஸி என்பது சுழலும் ஒரு தட்டு. விண்மீன்களும் வாயுவும் மையத்தைச் சுற்றி வருகின்றன. உள்ளே இருப்பவை சீக்கிரம் ஒரு சுற்று முடிக்கும், வெளியே இருப்பவைக்கு அதிக நேரம் ஆகும். நம் சூரியனுக்கு ஒரு சுற்றுக்கு இருபது கோடி ஆண்டுக்கு மேல் பிடிக்கிறது. கரங்கள் நிலையான பொருளால் ஆனவை என்றால், உள்பக்கம் முந்தி வெளிப்பக்கம் பிந்தி, சில சுற்றுகளிலேயே கரம் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு காணாமல் போக வேண்டும். ஆனால் வானம் முழுக்கச் சுருள்கள் இருக்கின்றன. இந்தப் புதிருக்கு 1964-இல் லின், ஷூ என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள்: கரம் ஒரு பொருளே இல்லை, அது நெரிசல் அதிகமான இடம்.

திருமலையில் சந்நிதிக்கு முன்னால் அந்தக் கடைசித் திருப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் அங்கே நெரிசல்தான். 'ஜரகண்டி, ஜரகண்டி' என்ற குரலும் ஓய்வதில்லை. ஆனால் காலையில் அங்கே நெருக்கிக்கொண்டு நின்றவர் மதியம் லட்டு வாங்கிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கியிருப்பார். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, நெரிசல் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. கரமும் அப்படித்தான். விண்மீன்கள் நுழைந்து கடந்து போகின்றன. வாயு நுழையும்போது நசுங்குகிறது, நசுங்கிய இடத்தில் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. அவற்றில் பெரியவை நீல வெளிச்சத்தோடு எரிவதால் கரம் பளிச்சென்று தெரிகிறது.

இப்படி ஓர் ஒழுங்கான அலை நிலைக்க வேண்டுமென்றால், தட்டு முதலில் அடங்கியிருக்க வேண்டும். வாயு இங்குமங்கும் கொந்தளிக்காமல், மெல்லிய தட்டாகப் படிந்து, ஒரே திசையில் சீராகச் சுழல வேண்டும். இளம் பிரபஞ்சத்தில் அதற்கு நேர்மாறான நிலை என்றே கணக்குகள் சொல்லின. எங்கும் வாயு வெள்ளம், ஒன்றோடொன்று மோதும் குட்டி கேலக்ஸிகள், வெடிக்கும் விண்மீன்கள். ஹபிள் காட்டிய பழைய கேலக்ஸிகள் பெரும்பாலும் கட்டிகட்டியாக, உருவமில்லாமல் இருந்தன. அலக்நந்தாவைப் போல இரண்டு பெரிய கரங்கள் முழுதாக விரிந்த கேலக்ஸி உருவாகப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும் என்று பாடத்தில் படித்தோம்.

அலக்நந்தாவின் விண்மீன்களுக்குச் சராசரி வயது சுமார் 20 கோடி ஆண்டு மட்டுமே. ஆயிரம் கோடி சூரியன்களுக்கு மேற்பட்ட சரக்கில் பெரும்பங்கு, சூரியன் பால்வெளியை ஒரு முறை சுற்றி வரும் நேரத்துக்குள் சேர்ந்துவிட்டது. அந்த அவசரத்திலும் ஒழுங்கு கெடவில்லை. கரங்களை ஒட்டி, கோத்த மணிகள்போல் வரிசையாகப் புது விண்மீன் கொத்துகள் தெரிகின்றன. இன்று நமக்கு அருகிலுள்ள சுருள்களில் பார்க்கும் அதே அமைப்பு. அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்போ சீக்கிரமே பெரியவளாயிட்ட பொண்ணு" என்றார். அதைவிடக் கச்சிதமாக என்னால் சொல்ல முடியாது.

"அப்ப பெருவெடிப்பு பொய்னு ஆயிடுச்சா? யூடியூப்ல சொல்றாங்க."

ஆகவில்லை. இந்தக் கேலக்ஸியின் வயதைக் கணக்கிட்டதே பெருவெடிப்பு மாதிரியை வைத்துத்தான். அது பொய்யென்றால் 150 கோடி என்ற எண்ணும் அதோடு போய்விடும், வியப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது. திருத்த வேண்டியது கேலக்ஸிகள் எவ்வளவு சீக்கிரம் அடங்கித் தட்டாகின்றன என்ற கணக்கை. அது பிரபஞ்சத்தின் தோற்றத்தைவிட மிகச் சிறிய, ஆனால் மிகச் சிக்கலான விவகாரம். வாயு எப்படிக் குளிர்கிறது, வெடிக்கும் விண்மீன்கள் அதை எவ்வளவு கலக்குகின்றன என்பதெல்லாம் இன்றும் கணினி மாதிரிகளில் தோராயமாகத்தான் போடப்படுகிறது. 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்று தலைப்பு போட்ட காணொளியை நிம்மதியாகக் கடந்து போகலாம்.

"இதுதான் உலகத்துலயே பழைய சுருளா?"

போட்டியாளர்கள் இருக்கிறார்கள். 2012-இல் அறிவித்த பி.எக்ஸ்.442, சுமார் 1070 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, வெகு நாள் பெயர் பெற்றிருந்தது. 2021-இல் சிலியின் ஆல்மா ரேடியோ தொலைநோக்கிகள் இன்னொரு கேலக்ஸியின் வாயுவில் சுருள் அமைப்பைக் காட்டின. அது பெருவெடிப்புக்கு 140 கோடி ஆண்டு கழித்து. 2025-இல் ஜூலாங் என்று சீனப் பெயர் சூட்டிய ஒன்று வந்தது. அது பெருவெடிப்புக்குச் சுமார் 100 கோடி ஆண்டு கழித்து. ஆக, 'முதல்', 'மிகப் பழைய' என்ற பட்டத்தை அலக்நந்தாவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இவ்வளவு தெளிவான இரட்டைக் கரம், அதுவும் விண்மீன்களின் ஒளியிலேயே தெரிவது என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. அதுவே போதும்.

"முதன்முதல்ல சுருளைப் பார்த்தது யாரு?"

அயர்லாந்தில் பர் என்ற ஊரில், ரோஸ் பிரபு என்ற நிலக்கிழார். 1845-இல், 1.8 மீட்டர் விட்டமுள்ள உலோக ஆடியை வார்த்துத் தொலைநோக்கி கட்டினார். சார்ல் மெசியே 1773-இல் வெறும் மங்கல் புகையாகக் குறித்து வைத்த எம்51-ஐ அதில் பார்த்தபோது சுருள் தெரிந்தது. கேமராவெல்லாம் இல்லை, கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார்.

அது என்ன என்று தெரியவே இன்னும் எண்பது ஆண்டு ஆனது. நம் பால்வெளிக்குள் இருக்கும் சுழல் புகையா, வெளியே இருக்கும் இன்னொரு பால்வெளியா என்று 1920-இல் வாஷிங்டனில் ஷேப்லியும் கர்ட்டிஸும் மேடையில் வாதாடினார்கள். ஹென்ரியட்டா லீவிட் என்ற பெண்மணி, குறிப்பிட்ட வகை மாறும் விண்மீன்களின் துடிப்பு நேரத்திலிருந்து உண்மையான வெளிச்சத்தைக் கணக்கிடலாம் என்று அதற்கு முன்பே கண்டிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு 1923-இல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடாவில் அப்படி ஒரு விண்மீனைக் கண்டுபிடிக்க, வாதம் முடிந்தது. லீவிட் 1921-இலேயே காலமாகிவிட்டார்.

"பேரு ஏன் அலக்நந்தா?"

இமயத்தில் பகீரதியோடு தேவப்ரயாகில் கலந்து கங்கையாகும் ஆறு. மந்தாகினி அதன் துணை ஆறு. இந்தியில் பால்வெளிக்கும் மந்தாகினி என்றே பெயர். பால்வெளியின் சாயல் கொண்ட கேலக்ஸிக்கு அக்காள் தங்கை உறவில் பெயர் வைத்திருக்கிறார்கள். 'பாலாறுன்னு வச்சிருக்கலாமே' என்று குப்பத்தில் ஒருவர் கேட்டார். எனக்கும் ஆட்சேபம் இல்லை.

"எங்க ஊர் வானத்துல எந்தப் பக்கம் இருக்கு? கண்ணுக்குத் தெரியுமா?"

கண்ணுக்குத் தெரியாது. பைனாகுலரிலும் தெரியாது. ஆனால் திசையைக் கைநீட்டிக் காட்டலாம்.

நவம்பர் கடைசியில் இரவு எட்டேகால் மணி வாக்கில் தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுப்பாதி உயரம். அதற்கு வலப்பக்கம், தென்மேற்கில் தனியாக மின்னும் ஒரு பிரகாசமான விண்மீன் ஃபோமல்ஹாட். இடப்பக்கம் சற்று மேலே டிஃப்டா என்ற விண்மீன். இந்த இரண்டோடு சேர்ந்து கீழ்ப்பக்கம் ஒரு தட்டையான முக்கோணம் அமைக்கும் வெற்றிடத்தில்தான் ஏபெல் 2744-உம் அதன் பின்னால் அலக்நந்தாவும். சிற்பி விண்மீன் குழு என்று வரைபடத்தில் போட்டிருக்கும். அங்கே பளிச்சென்று ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஆழமாகப் பார்க்க வசதி.

வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். டிஃப்டாவிலிருந்து ஏழு பாகை தெற்கே இறங்கினால் என்.ஜி.சி. 253 என்ற நிஜமான சுருள் கேலக்ஸி இருக்கிறது. 1783-இல் கரோலின் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. தூரம் ஒரு கோடி ஒளியாண்டுக்குச் சற்று மேல். இருட்டான இடத்தில் 10x50 பைனாகுலரில் நீளமான மங்கல் கீற்றாகத் தெரியும். வடக்கே திரும்பினால் ஆண்ட்ரோமெடா வெறுங்கண்ணுக்கே தெரியும். தூரம் 25 லட்சம் ஒளியாண்டு. நகர்ப்புறத்தில் பார்க்க முயல வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர் நெடுஞ்சாலை வெளிச்சமும், குப்பத்துக்கு மேற்கே பெங்களூரு வானத்தின் மஞ்சளும் இதைத் தின்றுவிடும். காட்டோரக் கிராமங்கள் நல்லது. ஒரு தொல்லை: நவம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். டிசம்பர் பாதிக்கு மேல் மேகம் விலகும், அப்போது இருட்டிய உடனே பார்த்துவிட வேண்டும். நேரமாக ஆக மேற்கே சரிந்துவிடும்.

"அங்க இப்போ யாராச்சும் இருப்பாங்களா?"

'இப்போ' என்றால் தெரிய வழியில்லை. நாம் பார்ப்பது 1200 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படம். அதற்குப் பின் அது வேறு கேலக்ஸியோடு மோதிக் கரங்களை இழந்திருக்கலாம், வாயு தீர்ந்து ஓய்ந்திருக்கலாம். படத்தில் தெரியும் காலத்தைப் பொறுத்தவரை, விண்மீன்கள் வெறும் 20 கோடி வயதுக் குழந்தைகள். பூமியில் உயிர் தோன்றவே அதைவிட அதிக காலம் ஆயிற்று.

"அடுத்து என்ன செய்வாங்க?"

சுழற்சியை அளக்க வேண்டும். இதுவரை கையில் இருப்பது படம் மட்டுமே. தட்டு எப்படிச் சுழல்கிறது என்று அதில் தெரியாது. வெப்பின் நிறமாலைக் கருவியாலோ ஆல்மாவாலோ கேலக்ஸியின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் தனித்தனியே நிறமாலை எடுத்தால், ஒரு பக்கம் நம்மை நோக்கி வருவதும் மறுபக்கம் விலகிப் போவதும் கோடுகளின் நகர்வில் தெரியும். செம்பெயர்ச்சியும் அப்போது துல்லியமாகிவிடும். வாயு அமைதியாக, சீராகச் சுழல்கிறது என்று வந்தால், குளிர்ந்த வாயு ஓடைகள் வந்து சேர்ந்து தட்டு தானாகவே அடங்கிக் கரம் விட்டது என்ற விளக்கம் வலுக்கும். கொந்தளிப்பாக இருந்தால், பக்கத்தில் உரசிப்போன ஒரு குட்டி கேலக்ஸி இழுத்த இழுப்பில் கரங்கள் வந்தன என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும். அப்படி வந்த கரங்கள் வெகு காலம் நிற்பதில்லை. எனக்கு முதல் விளக்கத்தின் பக்கம்தான் சாய்வு. ஆனால் அளவீடு வேறு மாதிரி வந்தால் இந்தப் பதிலை மாற்றி எழுதிவிடுவேன்.